கணினிப் பெட்டியும் காற்றின் வழியும்



மேஜைக் கணினியின் பெட்டியைச் ‘சி.பி.யூ.’ என்று அழைத்தே நாம் பழகிவிட்டோம். அப்பெயருக்கு உரிய செயலியோ உள்ளங்கையில் அடங்கிவிடும் சிறு சில்லு. அதனையும் மற்ற உறுப்புகளையும் தாங்கி நிற்கும் பெட்டிக்குக் கடைத்தெருவில் ‘கேபினட்’ என்று பெயர். பிள்ளைகளின் படிப்புக்காகக் கணினி வாங்கும் குடும்பங்களில், செயலிக்கும் ரேமுக்கும் கணக்குப் பார்த்துச் செலவிட்ட பின் கையில் மிஞ்சியதற்கு ஏதோ ஒரு பெட்டி என்பதே வழக்கமாக இருக்கிறது. ஆனால் செயலியும் மதர்போர்டும் சில ஆண்டுகளில் பழையனவாகிவிடும். நல்ல கேபினட் அடுத்த கணினிக்கும் உதவும்.

எமது மத்ரஸாவில் தஜ்வீத் பாடங்களைக் காணொளியாகத் தொகுப்பதற்கென ஒரு கணினி உண்டு. கோடையில் லுஹர் தொழுகைக்குப் பின் வேலையைத் தொடங்கினால் அரைமணி நேரத்துக்குள் தானாகவே அணைந்துவிடும். செயலியையே மாற்ற வேண்டும் என்றார் பழுதுபார்க்க வந்தவர். அது பெருஞ்செலவு, ஜமாஅத்தார் திரட்டிக் கொடுத்த பணமோ அமானிதம். ஆகவே முதலில் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு அதே வேலையை ஓட்டிப் பார்த்தோம். செயலியின் சூடு ஏறத்தாழ 15 டிகிரி இறங்கியது, கணினியும் அணையவில்லை. இந்தச் சோதனைக்குக் காசு வேண்டியதில்லை, எவரும் செய்து பார்க்கலாம். மூடியைத் திறந்ததும் சூடு நன்றாகத் தணிகிறது என்றால், மூச்சுத் திணறுவது பெட்டிதான். எமது பெட்டியின் முகப்பு முழுவதும் கண்ணாடி. அதன் பின்னே மூன்று விசிறிகள் வண்ண விளக்குகளோடு சுழன்றுகொண்டிருந்தன. உறிஞ்சுவதற்குக் காற்றுதான் இல்லை.

விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. அறையில் இருக்கும் காற்றை உள்ளே இழுத்து, சூட்டை அள்ளிக்கொண்டு வெளியே போகச் செய்கிறது, அவ்வளவே. 25 டிகிரி அறையில் 75 டிகிரியைத் தொடும் செயலி, 38 டிகிரி கொளுத்தும் மே மாத நண்பகலில் 88ஐ நெருங்கும். இன்றைய செயலிகள் பலவும் 95, 100 டிகிரியை ஒட்டித் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்பவை. குளிர் நாடுகளில் இருந்துகொண்டு ஒருவர் ‘இந்தப் பெட்டியே போதும்’ என்று பரிந்துரைப்பதை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை.

என்.இசட்.எக்ஸ்.டி. நிறுவனத்தின் எச்510 என்னும் கேபினட்டை அதன் மூடிய, வழவழப்பான முகப்புக்காகவே பலர் விரும்பி வாங்கினர். 2021இல் அதே நிறுவனம் முகப்பெங்கும் துளைகள் இட்டு ‘எச்510 ஃப்ளோ’ என்று வேறொன்றை வெளியிட்டது. பெயரிலேயே காற்றோட்டத்தைச் சேர்த்துக்கொண்டார்கள்!

புதிய கேபினட்டுக்காகச் சென்னை ரிச்சி தெருவுக்குச் சென்றிருந்தோம். கடையிலிருந்த இளைஞர், “ஹஜ்ரத், இப்ப எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க” என்று மீண்டும் ஒரு கண்ணாடி முகப்பையே எடுத்து வைத்தார். “தம்பி, இதுல காத்து எந்த வழியா உள்ளே வரும்?” என்று கேட்டோம். அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஓரத்தில் விரல் அகலத்திற்கு இருந்த ஒரு பிளவைக் காட்டினார். பிறகு, எவரும் கேட்பதில்லை என்று மேல் தட்டில் போட்டிருந்த வலை முகப்புப் பெட்டியை அவரே இறக்கிக் கொடுத்தார். நல்ல பிள்ளை. விலையும் குறைவு.

அடுத்தது பொருத்தம். மதர்போர்டுகளில் ஏ.டி.எக்ஸ். என்பது 305×244 மி.மீ., மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 244×244, மினி ஐ.டி.எக்ஸ். 170×170. பெரிய போர்டுக்கான பெட்டியில் பொதுவாகச் சிறியதும் உட்காரும் என்பது பலரும் அறிந்ததே. இடறுவது வேறு இடங்களில். கூலர் மாஸ்டரின் ஹைப்பர் 212 ஈவோ என்னும் கூலரின் உயரம் 159 மி.மீ.; 155 மி.மீ. மட்டுமே இடம் விடும் பெட்டியில் அதைப் பொருத்தினால் பக்க மூடி சாத்தாது. கிராஃபிக்ஸ் கார்டுக்கு 330 மி.மீ. இடம் உண்டு என்று அட்டையில் அச்சிட்டிருந்தால், அது முகப்பில் ரேடியேட்டர் இல்லாத கணக்கா என்று கேட்டறிய வேண்டும். 27 மி.மீ. ரேடியேட்டரும் 25 மி.மீ. விசிறியும் அங்கே ஏறினால் 52 மி.மீ. போய்விடும். வழக்கமான எஸ்.எம்.பி.எஸ்.ஸின் அகலமும் உயரமும் நிலையானவை. நீளம் மட்டும் மாறும். அதனையும் அளந்துகொள்வது நல்லது.

அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய கணினிகள் நம் மத்ரஸாக்களுக்கு அன்பளிப்பாக வருவதுண்டு. கொடுப்பவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. ஆனால் அவற்றில் பலவற்றின் போர்டுகள் பொது அளவில் அமைந்தவை அல்ல. திருகுத் துளை, மின் இணைப்பு, பவர் பட்டன் கம்பி வரை தனி வகையாக இருக்கும். அவற்றுக்குப் புதுக் கேபினட் வாங்க எண்ணுவோர், போர்டைக் கையோடு எடுத்துச் சென்று பொருத்திப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். வலை முகப்புப் பெட்டிகளில் பெரும்பாலும் டி.வி.டி. டிரைவுக்கு இடம் இருப்பதில்லை. பழைய பயான் குறுந்தகடுகளை வைத்திருப்போர் அதற்காகப் பழைய பாணிப் பெட்டியைத் தேட வேண்டியதில்லை, யு.எஸ்.பி.யில் செருகும் டிரைவ் தனியே கிடைக்கிறது.

முன்பக்கம் உள்ளிழுக்க 120 மி.மீ. விசிறிகள் இரண்டு, பின்பக்கம் வெளித்தள்ள ஒன்று என்று அமைத்தோம். வெளியேறுவதைவிட உள்ளே வருவது மிகுதியாக இருந்தால், தூசி இடுக்குகள் வழியே நுழையாமல் முகப்பு வடிகட்டியிலேயே பெருமளவு தங்கிவிடும். பாய் விரித்து ஓதும் அறையில் தூசிக்குக் குறைவில்லை ஆதலால், மாதம் ஒருமுறை அவ்வடிகட்டியைக் கழுவி, நன்கு உலர்த்தி மாட்டுகிறோம். அடைபட்ட வலையும் கண்ணாடியும் ஒன்றுதான்.

இல்லங்களில் இன்னொன்றும் காண்கிறோம். கணினி மேஜையின் மூடிய அறைக்குள் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்து, மேலே பூவேலை செய்த துணியையும் போர்த்தியிருப்பார்கள். வெளியேறிய சுடுகாற்றையே அது மீண்டும் உள்ளிழுத்துக்கொண்டிருக்கும். பெட்டியை வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் போதும். துணியைக் கீபோர்டின் மேல் போட்டுக்கொள்ளலாம்.