அருவாமனையின் நிழல்

அம்மாவின் அருவாமனையை நேராகப் போட்டோ பிடித்தால் கண்ணில் படுவது பலகையின் எண்ணெய்ப் பிசுக்கும் அலகின் துருவும்தான். நிழலை மட்டும் எடுத்தால் அதெல்லாம் கழன்றுவிடும். மிஞ்சுவது அந்த வளைவு. உச்சியில் தேங்காய் துருவும் பல், சேவல் கொண்டையேதான்.

காலை வெயில்தான் இதற்குத் தோது. சூரியன் 45 பாகைக்குக் கீழே இருக்கும்வரை நிழல் பொருளின் உயரத்தைவிட நீளம். சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்டிலும் ஒருநாள் உச்சிவேளையில் செங்குத்தாய் நிற்கும் கம்பத்துக்குக்கூட நிழல் விழாது. அன்றைக்கு மதியம் தூங்கலாம்.

பலகை தரையைத் தொடுமிடத்தில் நிழல் கூர்மை, அலகின் உச்சிக்குப் போகப்போக மங்கல். காரணம், சூரியன் வெறும் புள்ளியில்லை. வானத்தில் அரைப் பாகை அகலம். பொருளிலிருந்து 1 மீட்டர் தள்ளி நிழல் விழுந்தால் விளிம்பு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் கலங்கும். அந்தக் கலங்கலை ஆப்பில் போட்டுத் தீட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

புகைப்படக் கலைஞர் ஆந்த்ரே கெர்டெஸ் 1928இல் பாரிசில் எடுத்த படத்தில் தட்டில் சாய்த்த ஒரு முள்கரண்டி, அதன் நிழல், அவ்வளவுதான். உலகமே கொண்டாடுகிறது. நம் அருவாமனை எதில் குறைச்சல்?

போனில் எடுப்பவர்கள் திரையில் வெயில் பட்ட தரையைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். நிழல் நன்றாகக் கறுக்கும். அம்மாவுக்கு இந்தக் கலையில் நம்பிக்கையில்லை. "நெழல எடுத்து என்னடா பண்ணப்போற? கொண்டா இங்க, வாழைக்காய் நறுக்கணும்."