மலைக்கும் ஒரு கடல் உண்டு

மலைநாட்டிற் பிறந்தோர் பலருக்குக் கடல் என்பது தேசப்படத்தில் நீலந் தீட்டிய ஒரு பரப்பே. கண்டியை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பேராதனைக்கு வந்து புவியியல் பயிலும் மாணவி ஒருத்திக்கும் அது அவ்வாறே இருந்தது. அவளுடைய தந்தை தோட்டத்தில் கான் வெட்டுபவர். மழைநீர் மண்ணை அள்ளிச் செல்லாதவாறு மலைச்சரிவின் குறுக்கே வெட்டப்படும் வாய்க்கால்களே கான்கள். அவ்வேலைக்கும் கடலுக்கும் தொடர்புண்டென எவரும் அவளுக்குச் சொன்னதில்லை.

விடுதியில் அவளோடு தங்கியிருந்தவள் மூதூரைச் சேர்ந்த மீனவர் ஒருவரின் மகள். "ஆத்துவெள்ளம் வந்தாத்தான் எங்கட குடாவில றால் படும் எண்டு அப்பா சொல்லுவார்" என ஒருநாள் அவள் கூறினாள். பல்கலைக்கழக வளாகத்தினூடே ஓடும் மகாவலியே அந்த ஆறு. 335 கிலோமீற்றர் நீளமுடைய அது கொட்டியாரக் குடாவிற் கலக்கின்றது. நன்னீரும் உவர்நீரும் கலக்கும் கழிமுகங்களே இறாற் குஞ்சுகளின் வளர்ப்பிடம் என்பதைப் பின்னர் நூலகத்திற் படித்தபோது, மீனவரின் சொல் வெறும் நம்பிக்கையன்று என்பது அவளுக்குத் தெளிவாயிற்று.

அவ்வாறாயின், கண்டி அக்குடாவுக்கு எதை அனுப்புகின்றது? நகரத்தின் கழிவுநீரை மெத எல மகாவலியிற் சேர்க்கின்றது. கொஹாகொடையில் நெடுங்காலமாகக் கொட்டப்பட்டுவந்த குப்பைமேட்டின் கசிவும் அதே ஆற்றையே நாடுகின்றது. கோப்பிக்காகவும், 1867 இல் லூல்கந்துரவில் தொடங்கிய தேயிலைக்காகவும் காடழிந்த சரிவுகளிலிருந்து மழைதோறும் மண் இறங்குகின்றது.

எனினும் அம்மண் முழுவதும் கடலை அடைவதில்லை. பொல்கொல்லை அணை 1976 இலும் விக்டோரியா அணை 1985 இலும் எழுந்தன. நீர்த்தேக்கங்களில் மணலும் வண்டலும் படிகின்றன. ஆற்றுமணல் குறையும் கரையை அலை அரிக்கும். கலங்கல் மிகும் நீரில் பவளப்பாறை மூச்சுத்திணறும். மண் மலையில் இருந்தால் தேயிலைக்கு உரம். நீர்த்தேக்கத்திற் சேர்ந்தால் கொள்ளளவுக்குக் கேடு. அணைகளை அகற்றுக என்பது பேதைமை. அவை தரும் மின்சாரமும் சேர்ந்தே விடுதியின் விளக்கை ஏற்றுகின்றது. மண்ணை அது பிறந்த இடத்திலேயே காப்பதுதான் செய்யத்தக்கது.

கொட்டியாரத்துக்கு அப்பால் விரிவது வங்காள விரிகுடா. கங்கை, பிரமபுத்திரா, ஐராவதி முதலிய பேராறுகள் சொரியும் நன்னீர், பாரங் குறைந்த படையாக அதன் மேற்பரப்பிற் பரவுகின்றது. அப்படை ஆழத்துக் குளிர்நீரோடு எளிதிற் கலப்பதில்லை. ஆதலால் அடியிலுள்ள போசணைப் பொருள்கள் மேலெழுவது அரிது. மேற்பரப்பின் வெப்பமும் தணிவது அரிது. அவ்வெப்பமே சூறாவளிக்கு உணவு. புவி சூடேறச் சூடேற அவ்வுணவும் பெருகுகின்றது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது, கடலைக் காணாத மலைகளே பெரிதும் சரிந்தன. கண்டி மாவட்டத்திலும் பல உயிர்கள் மண்ணுள் மறைந்தன. அவளுடைய தோட்டத்திலும் ஒரு சரிவு இறங்கி, லயத்துக்குச் செல்லும் பாதையை மூடியது. மலை ஆற்றின் வழியே கடலுக்கு அனுப்புகின்றது. கடலோ வானின் வழியே மலைக்கு அனுப்புகின்றது. இவ்விரு வழிப் போக்குவரத்தை அவள் பாடமாகக் கற்றாள். அவளுடைய தந்தை தோளில் மண்வெட்டியுடன் கற்றார்.

இந்தியா, இலங்கை, பங்களாதேசம், பாக்கிஸ்தான், மாலைதீவு ஆகிய ஐந்து நாடுகள் 1995 இல் தெற்காசியக் கடல்களுக்கென ஒரு செயற்றிட்டத்தை ஏற்றன. தரையிலிருந்து கடலைச் சேரும் மாசும் அதன் கருமங்களுள் ஒன்று. ஆனால் அத்தரை கடற்கரையோடு முடிவதன்று. அது மலையுச்சிவரை ஏறிச்செல்வது.

செலவைச் சுருக்க எண்ணும் தோட்டம் முதலிற் சுருக்குவது கான் வேலையையே என்பார் அவளுடைய தந்தை. வெட்டாத கானின் இழப்பு தோட்டத்தின் பேரேட்டில் ஏறுவதில்லை. அது நீர்த்தேக்கத்தின் அடியிலும் கழிமுகத்தின் கலங்கலிலும் ஏறுகின்றது. ஒரு கானின் கூலியைக் கணக்கிடும்போது மூதூர் மீனவரின் வலையையும் அக்கணக்கிற் சேர்த்தல் வேண்டும் என்பதே, இறுதியாண்டு ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள்.