சபையில் நீக்கிய சொற்கள்

கோபிசெட்டிபாளையம், சித்திரை 4

கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாகாது, அது மண் வாய்க்காலாகவே இருந்து பழுது மட்டும் பார்க்கப்பட வேண்டும் என்று வாதிக்கும் எங்கள் விவசாயிகள் சங்கத்தின் கூட்டங்களுக்கு அக்கிராசனம் வகிக்கும் பொறுப்பு இவ்வாண்டு என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. நீரையும் பயிரையும் பற்றிப் பேச என்னிலும் வல்லவர்கள் சங்கத்தில் பலர் இருக்க, பள்ளிக்கூடத்தில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த என்னை ஏன் தேர்ந்தார்கள் என்பது விளங்காமலில்லை. பேசுவதற்கு ஆள் உண்டு. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவரைக் காத்திருக்கச் செய்வதற்குத்தான் ஆள் தேவைப்பட்டது. சங்கத்துக்கு வரும் கடிதங்களைப் படித்து, எதைச் சபையில் வாசிப்பது, எதை வாசிக்காமல் விடுவது என்று தீர்மானிப்பதும் இந்தப் பொறுப்பில் அடக்கம். பெரும்பாலான கடிதங்கள் வசவுகள். நாங்கள் நாட்டின் முன்னேற்றத்துக்கு விரோதிகள் என்றும், கடைமடைக்காரன் வயிற்றில் அடிப்பவர்கள் என்றும், இன்னும் எழுதக் கூசும் வார்த்தைகளிலும் அவை வருகின்றன.

சித்திரை 7

இந்தத் துவேஷத்தின் வேர் எங்கே இருக்கிறது என்பதை முதலில் எனக்கு நானே தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். வேரை அறியாதவன் சொல்லை நிதானிக்க முடியாது.

பவானிசாகர் அணை 1948-இல் தொடங்கப்பெற்று 1955-இல் முடிந்தது. அங்கிருந்து புறப்படும், எல்.பி.பி. என்று வழங்கும் கீழ்பவானி வாய்க்கால், சத்தியமங்கலம், கோபி, பெருந்துறை, காங்கேயம் என்று மேட்டு நிலத்தின் சரிவை அணைத்தவாறே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடி, ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கருக்குப் பாசனம் தருகிறது. அத்தனை நிலத்துக்கும் ஒரே போகத்தில் நீர் போதாது என்பதால், ஒற்றைப்படை மதகுகளுக்கு ஒரு போகம், இரட்டைப்படை மதகுகளுக்கு மறு போகம் என்று முறை வகுத்து, ஒரு பாதி நஞ்சையும் மறு பாதி புஞ்சையுமாக மாறி மாறிப் பயிர் செய்துவருகிறோம். தன் முறை வரும்வரை அடுத்தவன் வயலுக்குத் தண்ணீர் பாய்வதைப் பார்த்துக்கொண்டு பொறுமையோடு இருப்பது, இந்த ஆயக்கட்டில் இரண்டு தலைமுறைகளாகப் பழகிவந்த ஒழுக்கம்.

மண் வாய்க்கால் ஆகையால் ஓடும் நீரில் ஒரு பகுதி கசிந்து பூமிக்குள் இறங்குகிறது. அந்தக் கசிவுநீர் கீழ்ப்புறத்துக் கிணறுகளில் ஊறுகிறது, பள்ளங்களில் ஓடுகிறது, ஆயக்கட்டில் பெயரே இல்லாத தோட்டங்களையும் குடிநீர்க் கிணறுகளையும் வாழவைக்கிறது. அதே கசிவு, 200 கிலோமீட்டருக்கு அப்பால் மதகைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருக்கும் கடைமடை விவசாயிக்கு, தன் பங்கிலிருந்து வழியிலேயே களவு போன நீராகத் தோன்றுகிறது. 2020-இல் அரசு 709 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் வாய்க்காலைச் சீரமைக்க உத்தரவிட்டபோது, ஒரு சாரார் அதை வரமென்றும் மறு சாரார் சாபமென்றும் கொண்டதற்கு இதுவே காரணம். இரு தரப்பாரும் பொய் சொல்லவில்லை. ஒரே நீரை இரண்டு இடங்களில் நின்று பார்க்கிறவர்கள், தத்தம் இடத்திலிருந்து கண்டதை உண்மையாகவே சொல்லுகிறார்கள். எதிரி பொய்யன் என்று நம்பத் தொடங்கிய கணத்தில்தான் வாதம் நின்று வசவு பிறக்கிறது.

நான் கான்கிரீட்டுக்கு விரோதமானவன். அந்த அபிப்பிராயத்தில் எனக்குச் சலனமில்லை. ஆயினும் கடைமடைக்காரரின் தாகம் கற்பிதமல்ல என்பதிலும் எனக்குச் சலனமில்லை.

சித்திரை 11

இன்று வந்த கடிதங்களுள் ஒன்று காங்கேயம் பக்கத்திலிருந்து வந்தது. முதல் பக்கம் முழுவதும் நிந்தை. எங்கள் தலைவரின் தாயார்வரை போய் வந்திருக்கிறது அந்தப் பேனா. இரண்டாம் பக்கத்தின் நடுவில் மட்டும், கை சற்றே ஓய்ந்தாற்போல, தம் கிளை வாய்க்காலில் சென்ற போகத்தில் நாற்று விட்டபிறகு நீர் வராமற் போனதையும், நாற்றங்காலை அப்படியே மாட்டுக்கு விட நேர்ந்ததையும் எழுதியிருக்கிறார். பிறகு மீண்டும் வசவு.

நிர்வாகக் குழுவில் ஒருவர் அதைக் கிழித்தெறியச் சொன்னார். இன்னொருவர், எதிர்த்தரப்பாரின் யோக்கியதையை ஊர் அறியட்டும் என்று, முழுவதையும் சபையில் வாசிக்கச் சொன்னார். இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. கிழித்தால் அந்த நாற்றங்காலும் சேர்ந்து கிழியும். முழுவதும் வாசித்தால், கேட்பவர் செவியில் தாயாரைப் பற்றிய சொல் மட்டுமே தங்கும், நாற்றங்கால் நில்லாது. எனவே நாற்றங்கால் பற்றிய வாக்கியங்களை அவர் எழுதியபடியே, ஒரு சொல்லும் மாற்றாமல் சபையில் வாசிப்பதென்றும், எஞ்சியவை நாகரிகக் குறைவு காரணமாக வாசிக்கப்படவில்லை என்று வெளிப்படையாக அறிவிப்பதென்றும் முடிவு செய்தேன். வெட்டியதை வெட்டியதாகச் சொல்லாமல், கடிதம் முழுவதுமே சாந்தமாக வந்ததுபோல் காட்டுவதும் ஒருவகைப் பொய்தானே. அவருக்கும் இவ்விதமே பதில் எழுதியிருக்கிறேன்.

சித்திரை 12

சபையை அடக்கியாளும் விதிகள் நமக்கு மேனாட்டார் கொடுத்தவை என்று படித்தவர்களும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையில் மானூர் என்ற ஊரில், ஏறக்குறைய கி.பி. 800-ஐச் சேர்ந்த பாண்டியர் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அவ்வூர் மகாசபையில் யார் உறுப்பினராகலாம், எவ்வளவு நிலமும் கல்வியும் ஒழுக்கமும் இருக்கவேண்டும் என்று விதித்துவிட்டு, கூட்டத்தில் பிரஸ்தாபிக்கப்படும் காரியம் ஒவ்வொன்றுக்கும் ‘அன்று, அன்று’ என்று குறுக்கே நின்று சபையை நடக்கவொட்டாமல் தடுப்பவரும் அவருக்குத் துணை நிற்பவரும் ஐந்து காசு தண்டம் இறுக்கவேண்டும் என்கிறது அது. ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு முன்னர், மாறுபட்ட அபிப்பிராயத்துக்கும் வெறும் முட்டுக்கட்டைக்கும் உள்ள பேதத்தை உணர்ந்து, பின்னதற்கு மட்டும் தண்டம் விதித்த கிராமத்தாரின் நிதானத்தை நினைக்கையில் மனம் நிறைகிறது. அந்தச் சபையில் நிலமில்லாதவனுக்கும் பெண்ணுக்கும் இடமிருந்ததில்லை என்பதையும் மறக்கலாகாது.

அமெரிக்காவில் ஹென்றி ராபர்ட் என்பவர் 1876-இல் வெளியிட்ட சபை விதிகளும் இதே பேதத்தைத்தான் பேசுகின்றன: எதிராளியின் யோசனையை எவ்வளவு கடுமையாகவும் கண்டிக்கலாம், அவருடைய உள்நோக்கத்தைச் சந்தேகித்துப் பேசலாகாது, ஒருவரை ஒருவர் நோக்கிப் பேசாமல் அக்கிராசனரை நோக்கியே பேசவேண்டும். அவர் தொழிலால் ராணுவப் பொறியாளர். ஆறுகளிலும் துறைமுகங்களிலும் வேலை பார்த்தவர். 1863-இல் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, அதை நடத்தும் வகை தெரியாமல் திகைத்த அனுபவமே அந்நூலுக்கு வித்து என்பார்கள்.

சித்திரை 18

நேற்றைய கூட்டத்தில் மொடச்சூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் எழுந்தார். புள்ளிவிவரத்தோடு பேசக்கூடியவர், எங்கள் சங்கத்தின் நம்பிக்கைக்குரிய கை. கிணற்று நீர்மட்டத்தைப் பற்றி நன்றாகத் தொடங்கி, நடுவில் சூடேறி, கான்கிரீட்டை ஆதரிக்கும் சங்கத்தாரெல்லாம் கான்ட்ராக்டரிடம் காசு வாங்கியவர்கள் என்றார். கூட்டம் கைதட்டியது. நான் மணியை அடித்து, அச்சொல்லைத் திரும்பப் பெறுமாறு கேட்டேன்.

“ஏனுங்க வாத்தியாரய்யா, அவுங்க நம்மளைத் திட்டறப்ப கேக்கறதுக்கு ஒருத்தரும் இல்லீங்க. நாம ஒரு வார்த்தை சொன்னா மட்டும் உக்காரச் சொல்றீங்களே?” என்றார்.

“அவுங்க கூட்டத்துக்கு நான் அக்கிராசனர் இல்லீங்க தம்பி. இது நம்ம கூட்டமுங்க. காசு வாங்குனதுக்கு அத்தாட்சி இருந்தா மேசை மேல வையுங்க, நானே போலீசுக்கு எழுதித் தர்றேன். இல்லீன்னா அந்தச் சொல் நிக்கக் கூடாதுங்க.”

அத்தாட்சி இல்லை. சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் முகம் சிவந்துபோயிற்று. கூட்டம் கலைந்தபின் இரண்டு மூன்று பேர் என்னிடம் வந்து, இப்படி நம் பிள்ளைகளையே அடக்கினால் யார் உற்சாகமாக வேலை செய்வார்கள் என்று வருத்தத்தோடு கேட்டார்கள். நியாயமான கேள்வி. நம் பக்கத்து வசவு நம் காதுக்கு வீரமாகவும், எதிர்ப்பக்கத்து வசவு அநாகரிகமாகவும் கேட்பது மனித சுபாவம். அக்கிராசனர் என்று ஒருவரை அமர்த்துவதே அந்தச் சுபாவத்துக்கு எதிராகத்தான். எதிரியின் கடிதத்தில் வெட்டிய கத்தரிக்கோல் நம்மவர் பேச்சில் மழுங்கிப் போகுமானால், அது நிதானத்தின் கருவியன்று, கட்சியின் ஆயுதம்.

சித்திரை 25

இன்றைய நிகழ்ச்சியை விரிவாகவே எழுதவேண்டும்.

பண்ணைய வேலைக்குப் போகும் அம்மாள் ஒருவர், சங்கத்தில் அங்கத்தினர் அல்லர், பேச அனுமதி கேட்டார். கொடுத்தேன். “வாய்க்கால்ல தண்ணி வந்தாத்தானுங்க எங்க ஊர்க் கெணத்துல ஊறுது. எங்களுக்குக் காடு தோட்டம் இல்லீங்க, தாகம் இருக்குதுங்களே,” என்று தொடங்கினார். இத்தனை மாதங்களாக நாங்கள் துண்டறிக்கைகளில் சொல்ல முயன்றதை அவர் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டார். அப்போது பின்வரிசையிலிருந்து ஒருவர், அந்த அம்மாளின் சாதிப் பெயரைச் சொல்லி, அதோடு ஓர் இழிசொல்லும் சேர்த்து, ஆயக்கட்டு விஷயத்தில் இவர்களுக்கென்ன பேச்சு என்றார். சொன்னவர் எங்கள் அங்கத்தினர். இரட்டைப்படை மதகில் நிலமுள்ளவர்.

அவரை அப்பொழுதே வெளியேறச் சொன்னேன்; எழுந்து போனார். அம்மாளை மீண்டும் பேசச் சொல்லி, முடிக்கும்வரை சபை கேட்டது. சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. செயலாளர் நல்லெண்ணத்தோடு, “அந்தச் சொல்லைக் குறிப்பேட்டிலிருந்து நீக்கிவிடலாமுங்க, சபைக்குக் களங்கம்,” என்றார். நாடாளுமன்றத்தில் அவைத்தலைவர் தகாத சொற்களை அவைக்குறிப்பிலிருந்து நீக்குவதை அவர் உதாரணம் காட்டினார்.

நான் இணங்கவில்லை. கைக்கூலி, காசு தின்றவன் என்பன போன்ற சொற்களை நீக்கினால் நஷ்டப்படுபவர் எவருமில்லை, வாதம் சுத்தமாகும். சாதியைச் சொல்லி இழித்ததை நீக்கினாலோ, பாதுகாக்கப்படுகிறவர் சொன்னவரேயன்றிக் கேட்டவர் அல்லர். பலர் காணும் இடத்தில் தாழ்த்தப்பட்டோரைச் சாதிப் பெயரால் இழிவுபடுத்துவது, 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்த அம்மாள் புகார் செய்ய நினைத்தால் எங்கள் குறிப்பேடு அவருக்குச் சாட்சி. அதை அழிக்க எனக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? ஆகவே சொன்னவர் பெயரோடு, சொன்னது சொன்னபடி, பதிவு செய்து அங்கிருந்தோரிடம் கையொப்பம் வாங்கினேன். புகார் செய்வதும் விடுவதும் அம்மாளின் சித்தம்; எவரும் அவரைச் சமாதானம் பேசி வற்புறுத்தலாகாது என்றும் எழுதிவைத்தேன்.

சித்திரை 26

இந்த ஊரில் சாதி இழிவை எதிர்த்து நிற்பதற்கு எனக்கு முன்னோடி தேடவேண்டியதில்லை. தியாகி லட்சுமண ஐயர் (1917–2011) பிறந்து வாழ்ந்த ஊர் இது. ஹரிஜனங்களை வீட்டுக்குள் அழைத்துச் சமமாக நடத்திய காரணத்தால் அவர் குடும்பத்தை அவருடைய சொந்தச் சமூகத்தாரே பகிஷ்காரம் செய்தார்கள். அவர் அதற்காகப் பின்வாங்கவுமில்லை, எதிர்வசை பாடவுமில்லை. ஏழைப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்தினார், நகராட்சித் தலைவராகி மனிதக் கழிவை மனிதன் சுமக்கும் வழக்கத்தை இவ்வூரில் ஒழித்தார். தம்மைப் பழித்த சொற்களைப் பொறுத்துக்கொள்வது வேறு, பிறரைப் பழித்த சொற்களைப் பொறுத்துக்கொள்வது வேறு என்பதை அவர் வாழ்க்கையில் கண்டவர்கள் நாங்கள். முன்னது பெருந்தன்மை, பின்னது உடந்தை.

வைகாசி 2

வெளியேற்றப்பட்டவருக்காகப் பெரியவர்கள் சிலர் வந்தார்கள். இரு தரப்பையும் ஓரிடத்தில் உட்காரவைத்து, அம்மாளிடம் ஒரு கையொப்பம் வாங்கிவிட்டால் ஊர் அமைதியாகிவிடும் என்பது அவர்கள் யோசனை. எனக்கு நாமக்கல் நினைவுக்கு வந்தது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010-இல் வெளிவந்த நாவல். நான்காண்டுகள் கழித்து அதன் சில பக்கங்கள் மட்டும் பிரதி எடுக்கப்பட்டு ஊரெங்கும் பரவ, திருச்செங்கோட்டில் கிளர்ச்சி மூண்டது. 2015 ஜனவரி 12-ஆம் நாள் நாமக்கல்லில் அதிகாரிகள் கூட்டிய சமாதானப் பேச்சில் அவர் நிபந்தனையற்ற வருத்தம் தெரிவித்துக் கையெழுத்திட்டு, அதன்பின் எழுத்தையே துறப்பதாக அறிவிக்க நேர்ந்தது. அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலை 5-இல் தீர்ப்பளித்தது. இடையில் கழிந்த மாதங்கள் தமிழுக்கு நஷ்டம். கூட்டம் பெரிதாக இருக்கும் பக்கத்துக்குச் சாதகமாகத் தனியாளைப் பணியவைப்பதைச் சமாதானம் என்று அழைக்கும் வழக்கம் நம் கொங்கு நாட்டில் இன்னும் ஒழியவில்லை. வந்த பெரியவர்களை உபசரித்து, மோர் கொடுத்து, முடியாதென்று சொல்லி அனுப்பினேன்.

வைகாசி 6

காங்கேயத்துக்காரர் பதில் எழுதியிருக்கிறார். வசவு இல்லை, கோபம் இருக்கிறது. நாற்றங்காலைப் பற்றி நாங்கள் சபையில் வாசித்தது உண்மைதானா என்று கேட்டு, வாசித்திருந்தால் தம் கிளை வாய்க்காலின் நீர்வரத்துக் கணக்கைக் கொண்டுவந்து காட்டத் தயார் என்கிறார். நிர்வாகக் குழு சம்மதித்துவிட்டது. ஆகவே கடைமடைச் சங்கத்தாருக்கு இன்று அனுப்பிய அழைப்பின் வாசகத்தை இங்கேயும் எழுதிவைக்கிறேன்: வைகாசி கடைசி ஞாயிறு காலை எங்கள் கூட்டத்துக்கு வாருங்கள். கான்கிரீட் வேண்டும் என்பதற்கு உங்களிடமுள்ள கணக்கு அத்தனையும் கொண்டுவாருங்கள். முதற் பேச்சு உங்களுடையது. நீங்கள் முடிக்கும்வரை எங்களில் ஒருவரும் குறுக்கிடமாட்டோம். எங்கள் பேச்சையும் அவ்வாறே கேளுங்கள். வாய்க்காலில் பவானித் தண்ணீர் திறப்பதற்குமுன் நாம் பேசியாக வேண்டும்.