அரிவாளுக்கு எந்தச் சாணை?

வல்லக்கோட்டையில் ஒரு வீடு. இரண்டு கறவை மாடுகள். புல் அறுப்பது அப்பாவின் வேலை. அவருக்கு மூட்டுவலி வந்ததும், ஒரகடத்தில் ஷிப்ட் வேலை பார்க்கும் மகன் கைக்கு அரிவாள் வந்தது. மழுங்கியிருந்ததை நண்பரின் கிரைண்டரில் பிடித்தார். இரண்டே நிமிடத்தில் கூர் வந்தது. விளிம்பு மட்டும் நீலம் பாரித்திருந்தது. மறுநாளே மழுங்கி, கோ-4 புல் தண்டில் வழுக்கி, இடது கை விரலைக் கிழித்தது.

அப்பா திட்டவில்லை. "சூட்டுல தோய்ச்சல் போச்சுப்பா. பட்டறைக்கு எடுத்துட்டுப் போ" என்றார்.

எஃகு நீலமாக வேண்டுமானால் ஏறக்குறைய 300 டிகிரி சூடு ஏறியிருக்க வேண்டும். அந்தச் சூட்டில் கொல்லர் ஏற்றிய கடினம் இறங்கிவிடும். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

புதிதாகத் தீட்டப் பழகுபவருக்கு, ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் வழுவழுப்பும் உள்ள கார்போரண்டம் கல் ஒன்றே போதும். கல்லை நனைத்து, அலகை ஒரே சாய்வில் பிடித்து, முதலில் சொரசொரப்பில் தீட்ட வேண்டும். விளிம்பில் பிசிறு தட்டுப்பட்டதும் மறுபக்கத்துக்கு மாற்றலாம். பல் உள்ள கருக்கரிவாளை மட்டும் கல்லில் தேய்க்கக் கூடாது. பட்டறையில்தான் கருக்கு வைக்க வேண்டும்.

கொல்லர் மறுபடி தோய்ச்சல் ஏற்றித் தந்த அரிவாளை, இப்போது மகன் தினமும் கல்லில் பத்து இழுப்பு இழுக்கிறார். திண்ணையில் இருக்கும் அப்பா சத்தத்தைக் கேட்டே சொல்கிறார்: "கை சாயுது பார்."