அச்சு இல்லாத பூ

ஆத்தங்குடிக்கு நான் போனது வீட்டுத் தரைக்குக் கல் பார்க்க. டைல்ஸ் என்று நாம் சொல்வது அங்கே கல், இல்லாவிட்டால் பூக்கல். டிசைனைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டு மதியத்துக்குள் காரைக்குடி திரும்பிவிடலாம் என்பது என் கணக்கு. ஆனால் இருட்டும்வரை கல் ஊற்றுகிற கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே சூளை கிடையாது. இந்தக் கல்லைச் சுடுவதே இல்லை. ஒரு கண்ணாடித் துண்டு, அதன்மேல் சதுர இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூவும் கொடியுமாகத் தடுப்பு வைத்த உலோக அச்சு. ஆக்சைடு கலந்த சிமென்ட் சாயத்தைக் கூழ்ப் பதத்தில் மொண்டு தடுப்புக்குத் தடுப்பு ஊற்றுகிறார்கள். அச்சை நேராகத் தூக்க வேண்டும். கை கொஞ்சம் சாய்ந்தால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். மேலே உலர்ந்த மணல் சிமென்ட் கலவையைத் தூவ, அது ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. அதற்கும் மேலே ஈரக் கலவை, கரணையால் ஒரு தேய்ப்பு. இறுகிய பிறகு தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி நாள்கணக்கில் ஊறும். கண்ணாடி பிரிந்து வரும்போது அதன் வழவழப்பு கல்லின் முகத்தில் ஏறியிருக்கும்.

பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் கப்பலேறி வந்த செட்டிநாட்டு வீடுகளில், உள்ளூர் மணலில் செய்த இந்தக் கல்லும் அவற்றுக்குச் சரியாசனமாகக் கிடக்கிறது. வீடு சுற்றிக் காட்டுகிறவர்கள் தேக்கு வந்த கதையை நிறையச் சொல்வார்கள். கல் ஊற்றியவர் யாரென்று சொல்லி நான் கேட்டதில்லை.

கொட்டகை மூலையில் ஒருவர் அச்சே இல்லாமல் ஊற்றிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கரண்டியைச் சாய்த்து ஒரு சுழற்று, ஓர் இதழ். இன்னொரு சுழற்று, அடுத்த இதழ். பூ முடிந்ததும் சுற்றிலும் பச்சையை நிரப்பினார். ஒரு கல்லுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

“படத்த மனசுல வச்சுக்கிட்டு ஊத்துறீங்களாண்ணே?”

“படமெல்லாம் இல்ல தம்பி. கரண்டி போற போக்குதான்.”

நான் நம்பவில்லை. முன்பே காய்ந்து சுவரோரம் சாய்ந்திருந்த அவருடைய கற்களை நான்கு நான்காகத் தரையில் சேர்த்துப் பார்த்தேன். ஒரு பூ போல இன்னொன்று இல்லை. ஆனால் நான்கு கல்லின் மூலையும் கூடுகிற இடத்தில் கொடிகள் ஒன்றையொன்று தேடி வந்து தொட்டுக்கொண்டிருந்தன. போகிற போக்கில் கரண்டி இத்தனை கணக்குப் பார்க்குமா?

சாயம் குழைக்கிற பையனாக இங்கே வந்தாராம். சாயந்தரம் சட்டியடியில் மிஞ்சிய சாயத்தைக் கொட்டவிடாமல், “சும்மா ஊத்திப் பாருடா” என்று கண்ணாடியை நகர்த்தி வைப்பாராம் அப்போதிருந்த பெரியவர்.

“எத்தனை கல்லு கெட்டுச்சுண்ணே?”

“எண்ண விடல அவரு.”

சிமென்ட்டுக்கும் மணலுக்கும் காசு கொடுத்த முதலாளி அந்த நாட்களில் என்ன சொன்னார் என்று கேட்டேன். சிரித்தாரே தவிர பதில் வரவில்லை. அந்தப் பெரியவர் சும்மா செய்ததற்கு, பிள்ளைகளின் கற்பனையை வளர்ப்பதென்று இப்போது வகுப்பு நடத்துகிறார்கள், மாதாமாதம் கட்டணமும் வாங்குகிறார்கள். என் மகளை அப்படியொன்றில் சேர்த்திருந்தோம். எல்லாப் பிள்ளைகளும் ஒரே மீனுக்கு ஒரே நீலம் தீட்டிக் கொண்டுவந்தார்கள்.

ஆசை விடவில்லை, கரண்டியை நானும் வாங்கினேன். முதலில் மஞ்சளைப் பரப்பி, அதன்மேல் சிவப்பில் ஒரு தாமரை. எனக்கே பெருமையாக இருந்தது. அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, “இருக்கட்டும், கண்ணாடி எடுக்கயில பாப்போம்” என்றார்.

மூன்று வாரம் கழித்துப் போனேன். கண்ணாடியைப் பிரித்தால் வெறும் மஞ்சள், நடுவே சிவப்பாக ஒரு கடுகளவு புள்ளி. கண்ணாடியில் முதலில் விழுவதுதான் முகம். பின்னால் ஊற்றுவதெல்லாம் கல்லின் முதுகுக்குப் போய்விடும். அதனால்தான் அவர் பூவை முதலில் ஊற்றிவிட்டுச் சுற்றியுள்ள பச்சையைப் பின்னால் நிரப்புகிறார். ஊற்றும்போது அவர் கண்ணுக்குத் தெரிவது முதுகு மட்டும். முகத்தைப் பார்க்க அவரும் கண்ணாடி பிரியும்வரை காத்திருக்க வேண்டும். இத்தனை வருஷமாக இப்படிப் பார்க்காமலே வரைகிறவர் தன்னை ஓவியர் என்று ஒருமுறைகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. “கல்லு ஊத்துறேன்” என்பதுதான் அவர் பேச்சு.

அன்றும் சாயந்தரம் சட்டிகளில் சாயம் மிஞ்சியது. அவரிடம் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான இளைஞன், இருபது வயது இருக்கும், சட்டியைக் கழுவப் போனான். “இரு” என்று சொல்லிக் கண்ணாடி ஒன்றை அவன் பக்கம் தள்ளினார். அவன் என்னவோ ஊற்றினான். மீனா, இலையா, தெரியவில்லை. அவர் திருத்தவும் இல்லை, மெச்சவும் இல்லை. சட்டியைக் கழுவிவிட்டுக் கிளம்பச் சொன்னார்.

கூடத்துக்கு அச்சுக்கல், ஆளோடிக்கு அவர் கையால் ஊற்றியது என்று ஆர்டரை மாற்றிக் கொடுத்தேன். லாரியில் வந்து இறங்கியதை எண்ணியபோது ஒரு கல் கூடுதல். ஃபோன் போட்டேன்.

“அது அந்தப் பய ஊத்துனது தம்பி. போட்டுருங்க.”

போட்டிருக்கிறோம். ஆளோடியில் வாசற்படியிலிருந்து மூன்றாவது கல். மீன்தான்.