தறிக்குழியில் சேப்பாக்கம்

படவேட்டில் அந்தத் தறிவீட்டுக்கு வெளிச்சம் ஓட்டுக்கு நடுவே பதித்த கண்ணாடி வழியாகத்தான் வருகிறது. குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்திருக்கிறார் பெரியவர். எதிரே ஆரணி முதலாளி கொடுத்த பாவு, அரக்குச் சிவப்பு. மாடத்தில் ஒரு பழைய ரேடியோ. பாடி எவ்வளவு காலமாயிற்றோ. புடவை பார்க்க வந்த என்னைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு மறந்துவிட்டார்கள். நல்லதாய்ப் போயிற்று.

லீவுக்கு மெட்ராஸில் மாமா வீட்டுக்குப் போய் வந்த பேரன் செல்போனை நீட்டிக்கொண்டே இருக்கிறான். எழும்பூர் ஹாக்கி மைதானம். பெரியமேடு நேரு ஸ்டேடியம். எல்லாப் படத்திலும் முன்னால் இவன், பின்னால் ஒரு கேட். பெரியவர் தலையாட்டுகிறார், நாடா பாட்டுக்கு ஓடுகிறது.

“இது சேப்பாக்கம் தாத்தா.”

மிதி நின்றது.

“உள்ள போனியா?”

“மேட்ச் இல்லாத நாள்ல விடமாட்டாங்களாம். சுத்தி வந்தோம். மேல வெள்ளையா கூடாரம் மாதிரி கூரை தெரியுது பாரு.”

“கூரை இன்னாத்துக்கு எனக்கு? பிட்ச் எங்க?”

பையன் விழிக்கிறான். பெரியவர் அந்த மைதானத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் ரேடியோவில் தமிழில் சொல்லச் சொல்ல, ஊடை போட்டபடியே கேட்டவர். கடல் காற்று எப்போது திரும்பும் என்பதுகூட அவருக்குத் தெரியும்.

“86ல ஆஸ்திரேலியாக்காரன் டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துகினே 210 அடிச்சான்டா. அப்புறம் ஆஸ்பத்திரியில குளுகோஸ். மாத்யூஸ்னு ஒருத்தன், அந்த வெயில்ல ஸ்வெட்டர் போட்டுகினு பத்து விக்கெட் எடுத்தான். நமக்கு 348 வேணும். 347ல எல்லாரும் அவுட்டு.”

“தோத்துட்டமா?”

“தோக்கலடா. டை.”

லண்டன் லார்ட்ஸ் மைதானத்தின் அருங்காட்சியகத்தில் பாடம் செய்த ஒரு சிட்டுக்குருவி இருக்கிறது. 1936இல் ஜஹாங்கீர் கான் வீசிய பந்தில் அடிபட்டுச் செத்தது. அதையும் அந்தப் பந்தையும் சேர்த்துக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். காசு கொடுத்து வந்து பார்க்கிறார்கள். அப்படிக் காட்சிக்கு வைக்க, சேப்பாக்கத்திடம் குருவியைவிடப் பெரிய சரக்கு உண்டு. 1934இல் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் இங்கேதான். ஒரே நாளில் முடிந்துபோனது. 1952இல் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி. வினு மன்கட் 12 விக்கெட். 1999இல் சச்சின் 136 அடித்தும் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்ற அன்று, அழுகையை அடக்கிக்கொண்டு கூட்டம் எழுந்து நின்று எதிரணிக்குக் கைதட்டியது. என்னைக் கேட்டால், அந்தக் கைதட்டல் ஒன்றுக்கே தனியாக ஓர் அறை ஒதுக்கலாம். பஸ் ஏறிப் போன பையனுக்குக் கிடைத்ததோ ஒரு கேட்டின் படம்.

இதையெல்லாம் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதற்குள் பையன் யூடியூபில் அந்த 86 டையின் கடைசி ஓவரைத் தேடி எடுத்துவிட்டான். பெரியவர் அச்சுப்பலகை மேல் முழங்கையை ஊன்றிக் குனிகிறார். காதால் மட்டுமே அறிந்த ஓவர். மங்கலான படத்தில் சாஸ்திரி ஒரு ரன் ஓடுகிறார், கணக்கு சமம். மணீந்தர் சிங் காலில் பந்து படுகிறது. நடுவர் விக்ரம்ராஜு விரலைத் தூக்குகிறார்.

“திருப்பிப் போடு.”

போட்டான்.

“பேட்ல பட்டுது பார்றா! மணீந்தரே பட்டுதுன்னுதான் சொன்னான்.”

“தெரியல தாத்தா. ரொம்ப மங்கலா இருக்குது.”

“நீ சின்னப் பையன், உனக்குத் தெரியலியா? இன்னொரு தபா போடு.”

உள்ளே தார் சுற்றிக்கொண்டிருந்த அம்மாள் ராட்டையை நிறுத்தினார். “பட்டுதோ படலியோ, அவங்கல்லாம் வூட்டுக்குப் போயி எம்மாம் வருஷம் ஆச்சு. வெள்ளிக்கிழமை முதலாளி வந்து நின்னா முந்தி எங்கன்னு கேப்பாரு. டேய், அந்தப் போனை இங்க குடுறா.”

பையன் கொடுக்கவில்லை. ஐந்தாவது பந்தை மறுபடி ஓடவிட்டான்.