இணைகரமும் இருபத்திரண்டு வளைவுகளும்

பொன்முடி மலைப்பாதையில் 22 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. சென்ற விடுமுறையில் நாங்கள் குடும்பத்துடன் அங்குச் சென்றபோது, ஒன்பதாம் வகுப்பில் பயிலும் எங்கள் மகள் வாய் திறவாமல் வந்தாள். வடிவியல் பாடத்தை வகுப்பில் உரக்கப் படிக்கையில் 'பாரலலோகிராம்' என்னும் சொல்லில் நாத் தடுமாற, உடன் பயில்வோர் நகைத்தனராம். இனி வகுப்பில் எதையும் படிப்பதில்லை என்று உறுதி பூண்டிருந்தாள்.

"வளைவுகளை எண்ணிக்கொண்டே வா அம்மா" என்றோம். ஒவ்வொரு வளைவாகத் திரும்பியே பேருந்து மலையேறிற்று. நீண்ட சொல்லையும் அவ்வாறே கடக்கலாமே! பா-ர-லெ-லோ-கிராம்: ஐந்தே வளைவுகள். மும்முறை சொன்னாள், நான்காம் முறை தடுக்கவில்லை. ஒன்றுக்கொன்று இணையான கோடுகளால் ஆனது என்பதே அக்கிரேக்கச் சொல்லின் கருத்து என்றதும் முகம் மலர்ந்தாள்.

"தமிழில் என்ன அப்பா?"

"இணைகரம்."

இணை-கரம், நிரை நிரை, கருவிளம். நாற்-கரம், நேர் நிரை, கூவிளம். கல்லூரியில் யாப்புக்கெனக் கற்ற அசை, கணக்குக்கும் உதவிற்று. மலையாளத்தில் அதுவே 'சாமாந்தரிகம்' என்று அவள் எங்களுக்குக் கற்பித்தாள்.

அடுத்து, 'இருசமபக்கமுக்கோணம்' என்பதை அசை பிரித்தாள்: இரு-சம-பக்-கமுக்-கோ-ணம். "கமுக் என்றால் என்ன?" என்று சிரித்தாள். அசை நாவுக்கு வழிகாட்டும், கருத்துக்கு வழிகாட்டாது. இரு, சம, பக்க, முக்கோணம் என்று சொல்லைச் சொல்லாகப் பிரித்தால் வரையறையே வந்துவிடுகிறது. 1916-இல் சேலத்தில் இராஜாஜி முதலானோர் அறிவியல் கலைச்சொற்களுக்கெனச் சங்கம் கண்ட நாள் தொட்டு அறிஞர் பலர் உழைத்ததன் பயன் இத்தகைய தெளிவு.

உச்சியை அடைந்தோம். பனிமூட்டத்தைப் பார்த்தவாறே மகள் மெல்லச் சொன்னாள்: "நான் தமிழைப் படிக்கும்போது நீங்களும் சிரிப்பீர்களே, அப்பா."

உண்மைதான். அவள் நாவில் மலையாள ஒலி கலக்கும்போதெல்லாம் வேடிக்கை என்றெண்ணி நகைத்திருக்கிறோம். நகைத்தவர்கள் வகுப்பில் மட்டும் இல்லை. அவள் தமிழ் நூலைக் கையில் எடுத்துப் பல மாதங்கள் ஆயின என்பதும் அப்போதுதான் உறைத்தது.

இறங்கும்போது நாங்கள் மலையாளச் சொற்களைப் படித்தோம். சமபார்சுவத்திரிகோணத்தில் எங்கள் நா இடறியது. அவள் நகைக்கவில்லை, "சம-பார்சுவ-திரிகோணம்" என்று பொறுமையாகப் பிரித்துக் கொடுத்தாள்.

பிறமொழி நிலத்தில் பிள்ளைகளை வளர்க்கும் நாம் தமிழை இப்படியன்றோ கொடுக்க வேண்டும்?